ஒரே மாதிரி, 59 ஆய்வுகூடங்கள்

லாப் றிப்போட் ஒன்றைக் கையில் வாங்கினால் நாங்கள் முதலில் பார்ப்பது எண்ணைத்தான். வெறுவயிற்றுச் சீனி 126 எண்டு கிடக்கும். பக்கத்தில் இருக்கவேண்டிய அளவு கிடக்கும். கூடவா, குறைவா? அவ்வளவுதான் எங்கட வாசிப்பு. அந்த 126 எப்படி வந்தது, அதே ரத்தத்தை அடுத்த சந்தியில் இருக்கிற லாப்பில் குடுத்திருந்தாலும் 126 தான் வந்திருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் 126 ஒரு எல்லைக்கோடு. அதுக்குக் கீழே 120 எண்டால் 'கவனமா இருங்கோ' என்று அனுப்பிவிடுவார்கள். 126 மறுபடியும் வந்தால் சீனி வருத்தம், வாழ்நாள் முழுக்க மருந்து. ஆறு புள்ளி வித்தியாசத்தில் ஒரு மனிசருடைய மிச்ச வாழ்க்கை மாறுகிறது.

நான் கலைப்பீடம், வரலாறு படிக்கிற ஆள். லாப்பில் எனக்கென்ன வேலை எண்டு கேட்கலாம். ஆனால் வரலாற்று மாணவர்களுக்கு முதல் வருசத்திலேயே சொல்லித் தருகிற ஒரு விசயம் இருக்கிறது: ஆவணம் ஒன்று கையில் கிடைத்தால் அதை எழுதியது யார், எப்போது, எதை வைத்து எழுதினார் என்று கேட்கவேண்டும். லாப் றிப்போட்டும் ஒரு ஆவணம்தான். அதிடம் இந்தக் கேள்விகளை முறையாகக் கேட்கத் தொடங்கியதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இன்றைக்கு ஆய்வுகூடங்கள் 'தராதர அங்கீகாரத்துக்குத் தயாராகிறோம்' என்று சொல்லி மாதக்கணக்கில் பைல் கட்டுகிறார்களே, அதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பென்சில்வேனியாவில் வில்லியம் பெல்க், வில்லியம் சண்டர்மன் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு எளிமையான வேலை செய்தார்கள். ஒரே தயாரிப்பிலிருந்து பிரித்தெடுத்த மாதிரிகளை 59 மருத்துவமனை ஆய்வுகூடங்களுக்கு அனுப்பினார்கள். குளுக்கோஸ், யூரியா, கல்சியம், ஹீமோகுளோபின் மாதிரியான வழமையான பரிசோதனைகள்தான். எல்லோருக்கும் போனது ஒன்றே என்பதால் திரும்பி வரவேண்டிய விடையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கவேண்டும். வரவில்லை. ஏற்றுக்கொள்ளக்கூடிய விடைகளைவிட ஏற்றுக்கொள்ள முடியாத விடைகளே கூடுதலாக இருந்தன. 1947 இல் அவர்கள் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, அந்த 59 ஆய்வுகூடங்களும் ஏமாற்றுக்காரரின் கூடங்கள் இல்லை என்பதுதான். மருத்துவமனைகளுக்குள்ளேயே இருந்த, தாங்கள் சரியாகத்தான் செய்கிறோம் என்று மனதார நம்பிய இடங்கள் அவை. வெளியில் இருந்து ஒருவர் ஒரே மாதிரியை எல்லோருக்கும் அனுப்பும்வரை அந்த நம்பிக்கையை உடைக்க வழியே இருக்கவில்லை. (சண்டர்மனைப் பற்றி ஒரு கொசுறு: அணுகுண்டு செய்த மன்ஹாட்டன் திட்டத்திலும் மருத்துவராக வேலை செய்தவர், நல்ல வயலின் கலைஞர், 1898 இல் பிறந்து 2003 இல் 104 வயதில்தான் இறந்தார். தன் கணக்கில் பிழை விடாத மனிசன் போல.)

பிழை இருக்கிறது எண்டு தெரிந்தாயிற்று. அதை ஒவ்வொரு நாளும் பிடிப்பது எப்படி? விடை தொலைபேசித் தொழிற்சாலையில் இருந்து வந்தது. 1924 இல் வால்டர் ஷூஹார்ட் என்பவர் தொலைபேசிக் கருவிகள் செய்யும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பனிக்காக ஒரு வரைபடம் கீறினார். ஒரே மெஷின் ஒரே சாமானைத் திரும்பத் திரும்பச் செய்தாலும் சின்னச் சின்ன வித்தியாசம் வந்துகொண்டே இருக்கும். அதில் எது இயல்பான ஆட்டம், எது மெஷின் பழுதடைவதன் அறிகுறி என்று பிரித்துக் காட்டுகிற வரைபடம் அது. 1950 இல் லெவி, ஜெனிங்ஸ் என்ற இருவர் அதை மருத்துவ ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் லாப்களில் 'லெவி ஜெனிங்ஸ் சார்ட்' எண்டுதான் சொல்வார்கள்.

வேலை செய்யும் விதம் விளங்கச் சுகமானது. அளவு ஏற்கனவே தெரிந்த ஒரு மாதிரியை, லாப் பாசையில் 'கொன்ட்ரோல்', நோயாளிகளின் ரத்தத்தோடு சேர்த்து நாளாந்தம் மெஷினில் ஓட்டவேண்டும். வந்த எண்ணை வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் குறிக்கவேண்டும். நடுவில் சராசரிக் கோடு, மேலேயும் கீழேயும் இரண்டு எல்லைக்கோடுகள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் நூற்றுக்குச் சுமார் 95 புள்ளிகள் அந்தக் கோடுகளுக்குள் விழும். ஏழெட்டு நாளாகப் புள்ளிகள் ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போனால் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்: இரசாயனம் பழுதாகிறது, மெஷினின் விளக்கு மங்குகிறது, யாரோ புதுப் போத்தல் மாற்றியிருக்கிறார்கள். நோயாளியின் றிப்போட் பிழைக்கும் முதலே இது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு சிக்கல், 95 உள்ளே எண்டால் மிச்சம் 5 வெளியே. அதாவது மெஷின் நல்லாய் இருந்தாலும் இருபது தடவைக்கு ஒருக்கால் புள்ளி கோட்டைத் தாண்டும். அப்படித் தாண்டினால் என்ன செய்வது? 'இன்னொருக்கா ஓட்டு' என்பதுதான் சுலபமான வழி. கோட்டுக்குள் வரும்வரை ஓட்டிவிட்டு வேலையைத் தொடரலாம். இந்தப் பழக்கம் பரவினால் வரைபடம் வெறும் அலங்காரம் ஆகிவிடும். 1981 இல் ஜேம்ஸ் வெஸ்ட்கார்ட் எந்த மாதிரியான தாண்டலுக்கு நிறுத்தவேண்டும், எதற்குத் தொடரலாம் என்று ஒரு தொகுதி விதிகளை எழுதினார். அவருடைய பெயரும் இன்றைக்கு லாப் சுவர்களில் இருக்கிறது.

ஆனால் இந்த வரைபடத்துக்கு ஒரு குருட்டுப்பக்கம் உண்டு. எப்பவும் பத்து நிமிசம் முந்தி ஓடுகிற மணிக்கூட்டை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் அதே பத்து நிமிசம், ஆட்டமே இல்லை. அதை அதனோடேயே ஒப்பிட்டுப் பார்த்தால் அருமையான மணிக்கூடு. ஒரு ஆய்வுகூடமும் இப்படி வருசக்கணக்காக நிதானமாகப் பிழையான விடை தரலாம். அதனால்தான் வெளி ஒப்பீடு வேண்டியதாயிற்று. 1953 இல் வூட்டன், கிங் இருவரும் பிரித்தானிய மருத்துவமனைகளுக்கு இடையில் இருந்த வித்தியாசங்களை எழுதினார்கள். 1969 இல் பர்மிங்ஹாமில் இருந்து நாடு தழுவிய வெளித் தர மதிப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. குறித்த இடைவெளியில் மாதிரி வரும், நீங்கள் விடை எழுதி அனுப்பவேண்டும், மற்றக் கூடங்களோடு உங்கள் இடம் எது என்று திரும்பி வரும். சண்டர்மன் ஒருக்கால் செய்ததை ஒழுங்காகத் தொடர்ந்து செய்வது, அவ்வளவுதான்.

இதெல்லாம் விருப்பப்பட்டவர்கள் செய்தது. விருப்பப்படாதவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது 1987 இல் வெளியே வந்தது.

ஜோர்ஜ் பப்பனிகொலாவின் பப் பரிசோதனை எங்களுக்கும் தெரிந்ததுதான். இங்கே 35 வயதுப் பெண்களை சுகவனிதையர் கிளினிக்குக்கு வரச்சொல்லி எடுக்கிறார்களே, அதே பரிசோதனை. கருப்பைக் கழுத்தில் இருந்து எடுத்த கலங்களை ஒரு கண்ணாடித் துண்டில் பூசி, நுணுக்குக்காட்டிக்குக் கீழே ஒரு ஆள் கண்ணால் தேடவேண்டும். ஆயிரக்கணக்கான நல்ல கலங்களுக்கு நடுவில் சில கெட்டதுகள் இருக்கலாம். எண் வராது, வரைபடத்தில் குறிக்க ஒன்றும் இல்லை. முழுக்க முழுக்கக் கண்ணும் பொறுமையும்தான்.

அமெரிக்காவில் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் பத்திரிகையின் வோல்ட் பொக்டானிச் எழுதிய தொடர் இந்த வேலை நடந்த விதத்தை வெளியே கொண்டுவந்தது. ஒரு ஸ்லைட்டுக்கு இவ்வளவு என்று துண்டுக் கூலி. கூடப் பார்த்தால் கூடக் காசு. சிலர் பகல் ஒரு கூடம், பின்னேரம் இன்னொரு கூடம். சிலர் ஸ்லைட்டுகளை வீட்டுக்கே கொண்டுபோய்ப் பார்த்தார்கள். பீடி சுற்றுகிற கணக்கில் புற்றுநோய் தேடியிருக்கிறார்கள். தொடருக்கு 1988 இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே வருசம் அமெரிக்க காங்கிரஸ் புதுச் சட்டம் நிறைவேற்றியது. 1967 இலேயே ஒரு சட்டம் இருந்ததுதான். ஆனால் அது மாநில எல்லை தாண்டி மாதிரி வாங்கும் கூடங்களை மட்டும் கட்டுப்படுத்தியது. புதிய சட்டம் மனித மாதிரியைப் பரிசோதித்து மருத்துவத்துக்குப் பயன்படுத்தும் எந்த இடத்துக்கும் பொருந்தும் என்றது. அதன்கீழ் வந்த விதிகளில் ஒன்று: ஒரு ஆள் 24 மணித்தியாலத்தில் 100 ஸ்லைட்டுகளுக்கு மேல் பார்க்கக்கூடாது.

சட்டத்துக்குள் இப்படி ஒரு வெறும் எண் வந்து உட்காருவதற்குப் பின்னால் பெண்களின் உயிர் இருக்கிறது. விஸ்கொன்சின் மாநிலத்தின் மில்வாக்கியில் இரண்டு பெண்கள், பிழையாக வாசிக்கப்பட்ட பப் ஸ்லைட்டுகளால் புற்றுநோய் காலம் பிந்தித் தெரியவந்து இறந்துபோனார்கள். 1995 இல் அந்த ஸ்லைட்டுகளை வாசித்த ஆய்வுகூடத்தின் மேலேயே மரணம் விளைவித்த குற்றத்துக்கு வழக்குப் போடப்பட்டது. 'பிழை நடந்திட்டுது' என்று சொல்லிக் கடந்துபோன காலம் அதோடு முடிந்தது எண்டு சொல்லமாட்டேன். ஆனால் அசட்டையை ஒரு நிறுவனத்தின் குற்றமாகப் பார்க்கலாம் என்பது பதிவாயிற்று.

சட்டம் சொல்வது ஆகக்குறைந்த அளவு. தராதர அங்கீகாரம் வேறு வழியில் வளர்ந்தது. அமெரிக்க நோயியலாளர் கல்லூரி 1960களின் தொடக்கத்திலேயே ஒரு கூடத்தின் ஆட்கள் இன்னொரு கூடத்தைப் போய்ப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்திருந்தது. 2003 இல் மருத்துவ ஆய்வுகூடங்களுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 15189 வந்தது. இங்கே ஒரு குழப்பம் கனபேருக்கு உண்டு. சுவரில் ஐ.எஸ்.ஓ. 9001 தொங்கினால் அது நிறுவனத்துக்கு ஒழுங்கான முகாமைத்துவ முறை இருக்கிறது என்பதற்குச் சான்று. பிஸ்கட் கம்பனிக்கும் அதைக் குடுப்பார்கள். 15189 அதோடு சேர்த்து இன்னொன்றையும் கேட்கிறது: இந்தப் பரிசோதனையைச் சரியாகச் செய்யும் தொழில்நுட்பத் திறமை உங்களிடம் இருக்கிறதா? இரண்டுக்கும் இடையில் நல்ல தூரம்.

சரி, தயாராவது என்றால் என்ன? கேட்கச் சலிப்பான வேலைகள். பிரிஜ் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்கிறதா என்று பார்த்து எழுதுவது, எழுதியவர் கையெழுத்து வைப்பது. அந்த வெப்பமானியே சரியா என்று இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சான்று வைத்திருப்பது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் செய்முறை எழுதி, பதிப்பு எண் போட்டு, பழைய போட்டோகொப்பியைச் சுவரில் இருந்து கழற்றுவது. (இந்தக் கடைசி வேலைதான் கஷ்டமாம். மேசைக்கு மேலே ஒட்டின பழைய தாளில் ஆட்களுக்கு அவ்வளவு பாசம்.) ரத்தம் எடுக்கும்போது செங்கலங்கள் உடைந்த மாதிரியைத் திருப்பி அனுப்புவது, அனுப்பியதை எழுதுவது. ஏனெண்டால் உடைந்த கலத்தில் இருந்து வெளியே வரும் பொட்டாசியம் நோயாளியின் பொட்டாசியமாக றிப்போட்டில் ஏறும். ஆபத்தான எண் வந்தால் வார்டுக்குக் கோல் எடுத்து, எத்தனை மணிக்கு யாரிடம் சொன்னது என்று குறிப்பது. இதையெல்லாம் வருசத்தில் ஒருக்காலாவது தாங்களே தங்களை ஓடிட் பண்ணுவது.

லாப்காரரிடம் ஒரு பேச்சு உண்டு, எழுதாத வேலை செய்யாத வேலை என்று. ஆவணக்காப்பகத்தில் தூசி தட்டுகிற எங்களுக்கு இதைவிடச் சந்தோசமான வசனம் இல்லை. அங்கீகாரத்துக்குத் தயாராகும் கூடம் உண்மையில் தன்னுடைய ஆவணக்காப்பகத்தைத்தான் கட்டுகிறது. ஆறு மாதத்துக்கு முன்னம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்த றிப்போட் பிழை என்று யாராவது சொன்னால், அன்றைக்கு எந்தப் போத்தல், எந்த மெஷின், எந்தக் கை, கொன்ட்ரோல் எங்கே விழுந்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்கலாம். இதற்குள் ஒரு புத்தகம் இருக்கிறது: நடந்த பிழைகளை எழுதும் பதிவேடு. பார்க்க வருகிற மதிப்பீட்டாளர் இந்தப் பதிவேடு வெறுமையாக இருந்தால்தான் சந்தேகப்படவேண்டும். பிழையே நடக்காத கூடம் உலகத்தில் இல்லை. பிழையை எழுதாத கூடம்தான் இருக்கிறது.

எங்களுக்கு இன்னொரு வகைத் தயாரிப்பு நன்றாகத் தெரியும். வலயத்தில் இருந்து பணிப்பாளர் வாறார் எண்டால் பள்ளிக்கூடம் வெள்ளையடிக்கும், பூச்சாடி வரும், பூட்டிக் கிடந்த நூலகம் திறக்கும், அடுத்த கிழமை திரும்பவும் பூட்டும். ஆய்வுகூடங்களிலும் இது நடக்கலாம். தேர்வு மாதிரி வந்தால் அதை மட்டும் ஆகத் திறமான ஆளிடம் குடுத்து நாலு தடவை செய்விப்பது, பக்கத்துக் கூடத்தோடு விடையை ஒப்பிட்டுப் பார்த்து எழுதுவது. அமெரிக்கச் சட்டம் இதை வெளிப்படையாகத் தடைசெய்கிறது என்பதே இது நடக்கும் என்பதற்கு ஆதாரம்.

இதன் பெரிய உதாரணம் தெரானோஸ். விரல் நுனித் துளி ரத்தத்தில் நூற்றுக்கணக்கான பரிசோதனை என்று சொன்ன கம்பனி. அதைக் கவிழ்த்த ஊடகவியலாளர் ஜோன் கரேரு தன் 'பேட் பிளட்' நூலில் சொல்வதன்படி, 2013 இல் ஆய்வுக்கு வந்த அதிகாரிக்கு மேல்தளத்து வழமையான மெஷின்கள்தான் காட்டப்பட்டன. கம்பனியின் சொந்தக் கருவிகள் இருந்த கீழ்த்தளம் காட்டப்படவில்லை. 2015 கடைசியில் மத்திய அரசின் ஆய்வாளர்கள் வந்து தரக் கட்டுப்பாட்டுப் பதிவுகளைக் கிண்டினார்கள். கொன்ட்ரோல் திரும்பத் திரும்ப எல்லை தாண்டியிருந்தது. இருந்தும் நோயாளிகளுக்கு றிப்போட் போயிருந்தது. 2016 இல் அந்தக் கருவிகளில் இரண்டு வருசமாகச் செய்த விடைகளைக் கம்பனியே ரத்துச் செய்தது. ஆய்வுகூட அனுமதியும் பறிக்கப்பட்டது. பல பில்லியன் டொலர் பெறுமதி சொல்லப்பட்ட ஒரு கம்பனியின் கதை, கொன்ட்ரோல் பதிவுகளில், எல்லாப் பளபளப்புக்கும் கீழே, அப்படியே எழுதிக் கிடந்திருக்கிறது.

பணக்கார நாடுகளின் கதை இதோடு போதும். 2008 இல் மொசாம்பிக்கின் மாபுட்டோவில் ஆபிரிக்க நாடுகள் கூடி ஆய்வுகூடங்களைப் பலப்படுத்துவது பற்றிப் பிரகடனம் செய்தன. எச்.ஐ.வி. மருந்து வந்துகொண்டிருந்தது, ஆனால் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க நம்பக்கூடிய லாப் இல்லை. 15189 ஐ நேரே கேட்டால் முக்கால்வாசிக் கூடங்கள் வாசலிலேயே நின்றுவிடும். 2009 யூலையில் ருவாண்டாவின் கிகாலியில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆபிரிக்கப் பிராந்தியம் படிமுறை அங்கீகாரத்தை அறிமுகம் செய்தது. நூற்றுக்கு 55 எடுத்தால் ஒரு நட்சத்திரம், 65 க்கு இரண்டு, இப்படியே 95 க்கு ஐந்து. கூடவே ஒரு பயிற்சித் திட்டம்: லாப் பொறுப்பாளர்கள் பட்டறைக்கு வருவார்கள், திரும்பிப் போய்த் தங்கள் கூடத்தில் ஒரு பிரச்சினையைத் திருத்துவார்கள், அதைக் கொண்டு அடுத்த பட்டறைக்கு வருவார்கள். எனக்கு இந்த வரலாற்றில் ஆகப் பிடித்த இடம் இது. 'நீ பாஸா, பெயிலா' என்று கேட்ட பரீட்சையை 'போன முறையை விட எவ்வளவு முன்னேறினாய்' என்று கேட்க வைத்தார்கள். உடனே எல்லாம் மாறிவிடவில்லை. சில வருசம் கழித்து வந்த கணக்கொன்றின்படி சகாராவுக்குத் தெற்கே 49 நாடுகளில் 37 இல் சர்வதேச அங்கீகாரம் பெற்ற ஒரு ஆய்வுகூடம்கூட இல்லை. பெற்றவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தென்னாபிரிக்காவில்.

இந்தக் கதையோடு இலங்கைக்கும் ஒரு தொடுப்பு உண்டு. 2000 இல் கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் பணிப்பாளர் விமல் கரந்தகொட ஜப்பானின் 5எஸ் முறையைத் தொடங்கினார். தேவையில்லாததை எறி, மிச்சத்தை ஒழுங்காக வை, துப்புரவாக்கு என்று தொடங்கும் முறை. 2007 இல் இருந்து ஜப்பானிய உதவி நிறுவனமான ஜய்கா, ஆபிரிக்க நாடுகளின் மருத்துவமனைகளுக்கு அந்த அனுபவத்தையே மாதிரியாகக் காட்டியது. காசில்லாமலும் ஒழுங்கு சாத்தியம் என்று தான்சானியாவுக்கு இலங்கை சொல்லிக் குடுத்திருக்கிறது. இது எங்கட பாடப்புத்தகங்களில் வராதது எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை.

இலங்கையில் அங்கீகாரம் வழங்கும் சபை 2005 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அடுத்த வருசம், 2006 இன் 21 ஆம் இலக்கச் சட்டம் தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவுசெய்யச் சொன்னது. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. 'பதிவு செய்யப்பட்டது' என்ற பலகையை நாங்கள் இரண்டுக்கும் சேர்த்து வாசிக்கிறோம். அங்கீகாரத்திலும் கவனிக்க ஒன்று இருக்கிறது. அது கட்டடம் முழுவதுக்கும் கிடைப்பதில்லை, குறிப்பிட்ட பரிசோதனைகளுக்குத்தான். சான்றிதழின் பின்னிணைப்பில் அவை வரிசையாக இருக்கும். சீனிக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் நீங்கள் தைரொயிட் பார்த்தால், அந்தத் தைரொயிட் எண்ணுக்கு அந்தச் சான்றிதழ் பொறுப்பில்லை.

2022 டிசம்பரில் ஐ.எஸ்.ஓ. 15189 இன் நான்காவது பதிப்பு வந்தது. பைல்களைவிட நோயாளிக்கு வரக்கூடிய ஆபத்தை முன்னுக்கு வைக்கிற பதிப்பு. மாறுவதற்கு மூன்று வருச அவகாசம். அதே 2022 இல்தான் இங்கே டொலர் இல்லாமல் அரச மருத்துவமனைகளில் பரிசோதனை இரசாயனங்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. கொன்ட்ரோலும் நோயாளியின் ரத்தமும் குடிப்பது ஒரே போத்தலைத்தான். ஒரு பெரிய கூடத்தில் நாளுக்கு 200 பேருக்குச் சீனி பார்த்தால் இரண்டு கொன்ட்ரோல் ஓட்டுவது ஒரு செலவே இல்லை. ஊர்ச் சந்தியில் இருக்கிற சின்ன லாப்பில் நாளுக்கு ஐந்து பேர் வந்தால் ஏழு பரிசோதனைக்கான இரசாயனம் போகும், அதில் இரண்டுக்கு யாரும் காசு தரமாட்டார்கள். போத்தல் விலை மூன்று மடங்காகும்போது அந்த லாப்காரர் முதலில் எதை நிறுத்துவார் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். நிறுத்தினாலும் றிப்போட் அதே மாதிரித்தான் இருக்கும். அதே எழுத்து, அதே தாள், அதே கையெழுத்து.